முப்பத்தாறாவது படம்

போன மாசம் அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். போன்ல படம் காட்டிக்கிட்டே வந்தவன், "மாமா, இதுல மொத்தம் 14,000 படம் இருக்கு"ன்னான். பெருமைதான், வேறென்ன. "நீங்க காலேஜ் படிக்கறப்ப எத்தனை எடுப்பீங்க?"ன்னு கேட்டான்.

"மாசத்துக்கு ஏழு"ன்னேன்.

ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சுட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான். எனக்குத்தான் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிருச்சு. ரொம்ப நாளா எழுதணும், எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த விஷயம் இது. தள்ளிப் போட்டதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லீங்க, குத்த உணர்ச்சி. கடைசி வரைக்கும் படிங்க, தெரியும்.

1993-ல இருந்து ஒரு அஞ்சு வருசம், குமாரபாளையத்துல நாங்க அஞ்சு பேர் சேர்ந்து போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தோம். பள்ளிக்கூடத்துல டிராயிங் சொல்லிக்குடுத்த வாத்தியார், விசைத்தறி ஓட்டற தறி அண்ணன், மெடிக்கல் ஷாப்புல வேலை பார்த்த அண்ணன், நூல் கடையில கணக்கு எழுதின பாய், அப்புறம் காலேஜுக்குப் போற பேர்ல ஊர் சுத்தின நான். காமிரா ஒண்ணுதான். வாத்தியார் செகண்ட் ஹேண்டுல வாங்கின ரஷ்யாக்கார ஜெனிட். செங்கல் கனம் கனக்கும். ஷட்டர் சத்தத்துல பக்கத்து மரத்துக் காக்கா பறந்துரும் :-)

ரோலும் ஒண்ணுதான். கருப்பு வெள்ளை, சேலத்துக்கு ஆராவது போறப்ப வாங்கிட்டு வரணும். எல்லாரும் காசு போட்டு வாங்கறதால கணக்கு கறாரா இருக்கும். ஒரு ரோலுக்கு 36 படம். ஆளுக்கு ஏழு. அஞ்சேழு முப்பத்தஞ்சு. காமிரா ஒவ்வொருத்தர் வூட்டுலயும் அஞ்சு நாள் இருக்கும், அந்த அஞ்சு நாளைக்குள்ள ஏழு படத்தை எடுத்துட்டு அடுத்த ஆளுக்குக் கைமாத்திடணும். தறி அண்ணன் எப்பவும் கடைசி. அவருக்கு ஷிப்டு மாறிக்கிட்டே இருக்கும், அதனால "நான் கடைசியா எடுத்துக்கறேனுங்க"ன்னு அவரே சொல்லிட்டார்.

பாக்கி ஒரு படம் இருக்குல்ல? முதல் மாசம் அதுக்கு அடிதடியே நடந்துச்சு. மெடிக்கல் அண்ணன் சீட்டு குலுக்கிப் போடலாம்னார். வாத்தியார்தான் தீர்ப்பு சொன்னார்: "அது ஆருக்கும் இல்லப்பா. அது ஊருக்கு."

அதனால மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு பேரும் ஒட்டுக்கா பழைய பாலத்துக்குப் போவோம். குமாரபாளையத்தையும் பவானியையும் சேர்க்கிற காவிரிப் பாலம். பாலத்துல ஒரு குறிப்பிட்ட தூண்கிட்ட நின்னு, எப்பவும் ஒரே திசையைப் பார்த்து, முப்பத்தாறாவது படம். ஆள் ஆரும் அதுல நிக்கப்படாது. ஆறு மட்டும்தான். ஆடியில ரெண்டு கரையும் தொட்டு ஓடும். சித்திரையில பாறையெல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு, நடுவுல தண்ணி ஒரு கோடு மாதிரி ஓடும். "இதென்னங்க, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கிட்டு"ன்னு பாய் முனகுவார். ஆனா பாலத்துக்கு முதல்ல வர்றவரும் அவர்தான்.

ஒரு விஷயம் அந்தப் படத்துல வரவே வராது. சாயப்பட்டறைத் தண்ணி ஆத்துல கலந்து, ஒரு நாள் செவப்பா, ஒரு நாள் நீலமா ஓடும். எங்க ரோலுக்கு எல்லாமே சாம்பல் நிறம்தான். தறி அண்ணன் ஒரு தடவை சொன்னார்: "நம்ம காமிராவுக்கு மட்டும் ஆறு சுத்தமா இருக்குதுங்க."

ராத்திரி வாத்தியார் வூட்டுக் குளியலறைதான் டார்க் ரூம். சீரோ வாட்ஸ் செவப்பு பல்பு, மூணு பிளாஸ்டிக் தட்டம், ஒரு பக்கெட்டு. டெவலப்பர், தண்ணி, ஹைப்போ. பேப்பர் நம்ம ஊட்டிச் சரக்கு, "இந்து". 1960-ல ஆரம்பிச்சு 1967-ல உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியோடது. அந்தக் கம்பெனியும் இன்னைக்கு இல்லை. வெள்ளைப் பேப்பர்ல ஆறு மெதுவா மெதுவா மேல வரும் பாருங்க... அதை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. உள்ள அஞ்சு பேர், வேர்வை, ஹைப்போ நாத்தம், வெளிய வாத்தியார் வூட்டம்மா "குளிக்கறதா வேண்டாமா"ன்னு சத்தம். அதுதாங்க எங்க சங்கம்.

சங்கம்னு சொன்னது மெடிக்கல் அண்ணன் கிண்டலுக்கு. பேர் கிடையாது, ரசீது கிடையாது, போர்டு கிடையாது. ஆனா ஒரு பொறுப்பு மட்டும் உண்டு. நெகடிவ் எல்லாத்தையும் பட்டர் பேப்பர்ல சுத்தி ஒரு தகரப் பெட்டியில வைக்கணும். அந்தப் பெட்டி என்கிட்ட. "நீதான் சின்னவன், நெறைய நாள் இருப்பே"ன்னு வாத்தியார் சொன்னார்.

1998-ல எல்லாம் முடிஞ்சுது. சண்டை ஒண்ணும் இல்லை. கலர் லேப் வந்துருச்சு, எனக்கு திருப்பூர்ல வேலை கெடைச்சுது, பாய் ஈரோட்டுக்குக் குடி போனார். ஜெனிட்டுக்கு ஷட்டர் போயிருச்சு. பெட்டி எங்கம்மா வூட்டுக் கட்டிலுக்கு அடியில போச்சு. 2011-ல வாத்தியார் தவறிட்டார்.

சரி, இப்ப வேற ஒரு கதை. கொஞ்சம் பழைய கதை. எங்கயோ போறானேன்னு நெனைக்காதீங்க, திரும்பி பாலத்துக்கே வந்துருவேன்.

2020 லாக்டவுன்ல வூட்டுல சும்மா உக்காந்திருந்தப்ப, நம்ம பக்கம் இந்த மாதிரி காமிரா சங்கமெல்லாம் எப்ப ஆரம்பிச்சதுன்னு தேட ஆரம்பிச்சேன். நான் நெனச்சது என்னமோ சுதந்திரத்துக்கு அப்புறமா இருக்கும்னு. பார்த்தா, போட்டோங்கற விஷயமே 1839-லதான் பாரிஸ்ல உலகத்துக்கு அறிவிக்கப்படுது. 15 வருசத்துல, 1854-ல, பம்பாயில சங்கம் வந்துருச்சு. 1856-ல கல்கத்தா. அதைத் தொட்டாப்புல மெட்ராஸ். 'போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்' இன்னைக்கும் இருக்கு, தான் பொறந்த வருசம்னு 1857-ஐச் சொல்லுது. சிப்பாய்க் கலகம் நடந்த அதே வருசம். நாடே பத்திக்கிட்டு எரியறப்ப இவங்க போட்டோவுக்குச் சங்கம் நடத்தியிருக்காங்க :-)

மெட்ராஸ்ல அதை ஆரம்பிச்சு வெச்சவர் அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர். 1850-ல மெட்ராஸ்ல ஓவியப் பள்ளியைத் தொடங்கினதும் இவர்தான். இன்னைக்கு அரசு கவின் கலைக் கல்லூரின்னு எழும்பூர்ப் பக்கம் இருக்கே, அதேதான். ஒரு டிராயிங் பள்ளிக்கூடத்துக்காரர் போட்டோ சங்கம் ஆரம்பிச்சார்னு படிச்சப்ப எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்னைக்கு அந்த மாதிரி சங்கத்துல இருந்தவங்கள்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. பட்டாளத்து ஆபீசர், டாக்டர், இஞ்சினியர். தொழில்முறைக்காரங்க கொஞ்சம், ஆசைக்கு எடுக்கறவங்க நெறைய. சீமையில இருந்து வர்ற மருந்தும் பேப்பரும் நம்ம வெயிலுக்கு சொன்ன பேச்சு கேக்காது. 1851-ல வந்த கண்ணாடித் தகடு முறையில, தகட்டுல பூசின மருந்து காயறதுக்குள்ள படம் எடுத்துக் கழுவியாகணும். நம்ம வெயில்ல அது நடக்கிற காரியமா? அதனால இங்க பல பேர் மெழுகு ஏத்தின காகித நெகடிவைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதை முன்கூட்டியே தயார் பண்ணி வெச்சுக்கலாம். பொறுமையாக் கழுவிக்கலாம். இந்த மாதிரி வித்தையெல்லாம் ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் பார்த்து, கேட்டு, திட்டு வாங்கித்தான் கத்துக்க முடியும். எங்க குளியலறையில நடந்ததும் அதுதானே.

அந்த மெட்ராஸ்ல இருந்த பெரிய கை, லின்னேயஸ் ட்ரைப். கம்பெனிப் பட்டாளத்துக் கேப்டன். 1854-ல லீவு போட்டுட்டு பேலூர், ஹளேபீடு கோயில்களை எடுத்தவர், 1855-ல பர்மாவுக்குப் போய் எடுத்தார், 1856-ல மெட்ராஸ் சர்க்காரே அவரை போட்டோகிராபரா நியமிச்சிருச்சு. 1857 டிசம்பர்ல பெங்களூர்ல இருந்து பெட்டி படுக்கை, பெரிய காமிரா, மருந்து, காகிதம் எல்லாத்தையும் கட்டிக்கிட்டு கெளம்பி, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு ஒரு சுத்து சுத்தி 1858-ல மெட்ராஸ் போய்ச் சேர்ந்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துல இருக்கற கல்வெட்டை வரிசையா எடுத்து, 21 படத்தை ஒட்டி, 19 அடிக்கு மேல நீளமா ஒரே படமாக்கி வெச்சிருக்கார். இன்னைக்கு போன்ல பனோரமான்னு ஒரு பட்டனை அமுக்கறோமே, அதை அந்த மனுசன் கையால பண்ணியிருக்கார்.

சரி, நம்ம ஊர்ப்பக்கம் வந்தாரான்னு பார்த்தேன். வந்திருக்கார்! அவர் 1858-ல வெளியிட்ட ஆல்பங்கள்ல ஒண்ணு, ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவுல மத்த இடங்களும். ராயக்கோட்டை இன்னைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். அன்னைக்கு சேலம் ஜில்லா. குமாரபாளையமும் அதே ஜில்லாதான், 1997-ல நாமக்கல் மாவட்டம் பிரிஞ்சபோதுதான் நாங்களும் பிரிஞ்சோம். ஆனா அவர் வடக்கால இருக்கற ராயக்கோட்டைக்கு வந்தார், எங்க ஆத்தங்கரையை அவர் எடுத்ததா எங்கயும் இல்லை.

அந்தப் படங்களைப் பார்த்தா மனசு என்னமோ ஆகுது. பாறை, கோட்டை, மலை. மனுச நடமாட்டம் ரொம்பக் கம்மி. அன்னைக்கு மூடியைத் தொறந்தா நிமிசக் கணக்குல காத்திருக்கணும், நடந்து போறவங்க படத்துல தங்கமாட்டாங்க. வானமும் வெறுமையாத்தான் விழும், அதனால நெகடிவ்ல தூரிகையால மேகத்தைத் தீட்டி வெச்சார். இன்னொண்ணு, அவருக்கு என்லார்ஜர் கிடையாது. நெகடிவ் எவ்வளவு பெருசோ படமும் அவ்வளவு பெருசு. காகிதத்து மேல நெகடிவை வெச்சு அழுத்தி வெயில்ல காட்டறது. காண்டாக்ட் பிரிண்ட். இந்த வார்த்தையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

கடைசியில என்ன ஆச்சு? 1859-ல மெட்ராஸ் கவர்னரா வந்த ட்ரெவெல்யன், கலகத்துக்கு அப்புறம் கஜானா காலியா இருக்கறப்ப இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு நிறுத்திட்டார். ட்ரைப் கிட்டத்தட்ட அதோட காமிராவைக் கீழ வெச்சுட்டார். அவர்கிட்ட உதவிக்கு இருந்த அய்யாசாமி, ஹண்டரோட பள்ளியில படிச்சவர், அப்புறமும் படம் எடுத்திருக்கார். எனக்கு என்னமோ கேப்டனை விட இந்த அய்யாசாமி மேலதான் ஆசையா இருக்கு. வெயில்ல பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஒரு தமிழன் கூடவே அலைஞ்சிருக்கான்னா, அவன் கண்ணுக்கு அந்த ஊரெல்லாம் எப்படித் தெரிஞ்சிருக்கும்?

ட்ரைப் வேலையை நிறுத்திட்டாங்க. ஆனா படம் போகலை. 160 வருசம் தாண்டி, ராயக்கோட்டை மலையை நான் வூட்டுல உக்காந்து பார்க்கறேன். எப்படி? ஒரே பிரதியா வைக்காம பல பிரதி போட்டு, பல இடத்துக்கு அனுப்பி, ஒவ்வொண்ணுக்கும் எந்த ஊர், எந்த இடம்னு எழுதி வெச்சிருந்தாங்க. லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு.

இப்ப என் கதைக்கு வர்றேன். சொல்லித்தான் ஆகணும்.

2018 ஆகஸ்ட். மேட்டூர் நெறைஞ்சு, ரெண்டு லட்சம் கனஅடி வாக்குல தொறந்து விட்டாங்க. குமாரபாளையத்துல ஆத்தோரத் தெருக்கள்ல தண்ணி ஏறிருச்சு. அம்மாவை ரெண்டு நாள் முன்னாலயே எங்க வூட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். பீரோவுல இருந்த பத்திரம், அப்பா போட்டோ, ரேஷன் கார்டு, மிக்சி எல்லாம் மேல ஏத்தி வெச்சோம். கட்டிலுக்கு அடியில இருந்த தகரப் பெட்டி எனக்கு ஞாபகமே வரலீங்க. சத்தியமா வரலை.

தண்ணி வடிஞ்ச பொறவு போய்த் தொறந்தா, உள்ள சேறும் தண்ணியும். பட்டர் பேப்பரெல்லாம் கூழு. நெகடிவ் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிட்டு இருந்துச்சு. அப்ப ஒரு காரியம் பண்ணினேன். பதறிப் போய் அத்தனையையும் அள்ளிட்டுப் போய் மொட்டை மாடியில வெயில்ல காய வெச்சேன். நல்லது பண்றதா நெனச்சு.

அதுதான் தப்பு. நெகடிவ் மேல இருக்கறது ஜெலட்டின். தண்ணியில ஊறினா உப்பும். ஒட்டிக்கிட்டு ஈரமா இருக்கறவரைக்கும் காப்பாத்த வழி உண்டு. சுத்தமான குளிர்ந்த தண்ணியில போட்டு வெச்சு, பொறுமையா ஒவ்வொண்ணா பிரிச்சு, அலசி, நெழல்ல தொங்க விடணும். அப்படியே காயவிட்டா ரெண்டும் ஒண்ணாயிரும். அப்புறம் பிரிச்சா படம் உரிஞ்சு வந்துரும். வாத்தியார் இருந்திருந்தா, "டேய், பக்கெட்டுல தண்ணி புடிடா மொதல்ல"ன்னு கத்தியிருப்பார். சாயங்காலம் மாடிக்குப் போனப்ப எல்லாம் சுருண்டு, கருகின அப்பளம் மாதிரி கெடந்துச்சு. நாப்பது ரோலுக்கு மேல. அஞ்சு பேரோட அஞ்சு வருசம்.

ஆருகிட்டயும் சொல்லலை. ரெண்டு வருசம் சொல்லலை. ராயக்கோட்டை படத்தைப் பார்த்த அன்னைக்கு ராத்திரிதான் தூக்கம் வராம, மறுநாள் காலையில மெடிக்கல் அண்ணனுக்கு மொதல்ல போன் பண்ணிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. "போகுது வுடு, உசுரு போகலையில்ல"ன்னார். பாய் அழுதுட்டார். தறி அண்ணனுக்கு போன் பண்ண எனக்குத் தைரியம் வரலை. லாக்டவுன் தளர்ந்த பொறவு நேர்லயே போனேன்.

அவர் இப்ப தறி ஓட்டறதில்லை, முட்டி போயிருச்சு. முழுக்கக் கேட்டுட்டு, உள்ள போய் ஒரு பழைய நோட்டை எடுத்துட்டு வந்தார். தறிக் கணக்கு நோட்டு. எத்தனை பாவு ஓடுச்சு, எவ்வளவு கூலி, எவ்வளவு முன்பணம்னு எழுதினது. நடுப் பக்கங்கள்ல சோத்துப் பசையால ஒட்டின சின்னச் சின்னப் பட்டை.

காண்டாக்ட் பிரிண்ட்!

எனக்கு மறந்தே போச்சு. பெரிய பிரிண்ட் போடப் பேப்பர் செலவாகும்னு அவர் எப்பவும் கேக்கமாட்டார். நாங்க வெட்டிப் போடற ஓரத் துண்டுப் பேப்பர்ல, கடைசித் துண்டு நெகடிவை மட்டும் அப்படியே அழுத்தி ஒரு பிரதி எடுத்துக்குவார். கடைசித் துண்டுல ஆறு படம். அவர் எடுத்தது அஞ்சு, ஊருக்கு ஒண்ணு. எல்லாம் தபால்தலை சைஸு. பக்கத்துல பென்சில்ல தேதி, கெழமை, ஆத்துல எவ்வளவு தண்ணின்னு ஒரு வார்த்தை. எங்க அஞ்சு பேர்ல காசு ரொம்பக் கம்மியா இருந்தவர்கிட்டதான் மிச்சம் இருந்துச்சு.

எல்லா மாசமும் இல்லை. பூச்சி அரிச்சது போக 11 பட்டை. 11 ஆறு. கூடவே அவர் எடுத்த 55 படம்: தறிப்பட்டறைக் கூரையில ஒத்தைக் கண்ணாடி ஓடு வழியா எறங்கற வெளிச்சம், தறிச் சத்தத்துக்கு நடுவுல தொட்டியில தூங்கற குழந்தை, பாவு பிணைக்கிற விரல். 1990கள்ல எங்க ஊர் எப்படி வேலை செஞ்சுதுங்கறது அந்தத் தபால்தலைகள்ல இருக்கு. அந்த நாள்ல இதையெல்லாம் நாங்க பெருசா பாராட்டினதில்லை. "மறுக்கா தறியா?"ன்னு கிண்டல் பண்ணியிருக்கோம்.

ஸ்கேன் பண்ணிப் பெருசாக்கிப் பார்த்தேன். 1996 ஆடிப் படத்துல ஒரு ஓரமா ஒரு ஆள் நிக்கறார். பாலத்துக் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு, தண்ணியைப் பார்த்துக்கிட்டு. வாத்தியார். ஆரும் நிக்கப்படாதுன்னு சட்டம் போட்டவரே :-) அவர் எங்களோட இருந்த அஞ்சு வருசத்துக்கும் எங்ககிட்ட இருக்கற ஒரே படம் இதுதான். ஒரு பிரதி வாத்தியார் வூட்டம்மாவுக்குக் குடுத்தேன். முதுகை வெச்சே கண்டுபுடிச்சுட்டாங்க. "இந்தச் சட்டைக்குக் காலர் நாந்தான் திருப்பித் தெச்சேன்"னாங்க.

இப்ப அந்த 66 படமும் நாலு பேர்கிட்டயும் தனித்தனியா இருக்கு. கூடவே வாத்தியார் பொண்ணுகிட்ட ஒண்ணு. ஆக அஞ்சு பிரதி. எங்க சங்கம் இருபது வருசம் லேட்டாப் பண்ணின வேலை.

உங்ககிட்டயும் எங்கயாவது ஒரு தகரப் பெட்டி இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாருங்க. பின்னால பேரும் ஊரும் வருசமும் பென்சில்ல எழுதி வையுங்க. இன்னொரு பிரதி போட்டு வேற வூட்டுல வையுங்க. மேல்மாடி இருக்கற வூடா இருந்தா உத்தமம்.

நாங்க? மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை முடிஞ்சப்பல்லாம் பாலத்துக்குப் போறோம். தறி அண்ணனை வண்டியில வெச்சுக் கூட்டிட்டுப் போவேன். காமிரா இல்லை, போன்தான். எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம். ஆனா ஒண்ணுதான் எடுக்கறோம்.